பழைய காரை எஃப்.சி.க்குத் தயார் செய்வது: கடலூர், புதுச்சேரி வண்டிகளுக்கு முழு வழிகாட்டி

வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்றான எஃப்.சி.யின் தேதி நெருங்கினால் பலரும் வண்டியை முதலில் கொண்டுபோய் விடும் இடம் டிங்கர் கடை. பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, பளபளவென்று வண்டி வெளியே வரும். அதன் பிறகு மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "புளோர் ஓட்டை விழுந்திருக்கு, வெல்டிங் வைக்கணும்" என்பார். வெல்டிங் சூட்டில் புதுப் பெயிண்ட் பொசுங்கும். மறுபடி பெயிண்டர், மறுபடி காசு. செய்யும் வேலை ஒன்றுதான், வரிசை மாறியதால் செலவு இரண்டு மடங்கு.

கடலோர வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. உப்புக்காற்று தின்பது மேல் பெயிண்டை அல்ல, கண்ணில் படாத அடிப்பக்கத்தை. அதனால் இங்கே சொல்லியிருக்கும் வரிசை கீழிருந்து மேலே போகும். பெயிண்ட் கடைசி.

1. உங்கள் வண்டி எந்தக் கணக்கில் வருகிறது

மஞ்சள் போர்டு வாடகைக் கார் என்றால் 8 வருஷம் ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒரு எஃப்.சி.; 8 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம். வெள்ளை போர்டு சொந்தக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம்வரை எஃப்.சி. பேச்சே இல்லை. அதன்பின் படிவம் 25 கொடுத்து ஆர்.சி.யை (பதிவுச் சான்று) 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அப்போதும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் வண்டி போய் நின்றாக வேண்டும்.

இரண்டுக்கும் பட்டறை வேலை ஏறக்குறைய ஒன்றே. மஞ்சள் போர்டுக்கு மட்டும் உள்ளதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

தேதிக்கு 45 நாள் முன்பு தொடங்குங்கள். துரு வேலைக்கு ஒரு வாரம், பார்ட்ஸ் வர சில நாள், ரிஜெக்ட் ஆனால் திருத்த ஒரு வாரம் என்று வைத்தால் இது நிறைய நேரமில்லை. தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் வெல்டிங், பெயிண்ட் இரண்டையும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். அடைமழைக் காலத்தில் தகரத்தில் ஈரம் நிற்கும். அதன் மேல் பிரைமர் அடித்தால் ஆறே மாதத்தில் உள்ளிருந்து குமிழ் கிளம்பும்.

2. காகிதம்: ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஐந்து விஷயம் பாருங்கள்: இன்சூரன்ஸ் தேதி, வரி, புகைச் சான்று, பெர்மிட் (மஞ்சள் போர்டு), கட்டாமல் கிடக்கும் இ-சலான். இவற்றில் ஒன்று சிவப்பில் நின்றாலும் விண்ணப்பம் பாதியில் முட்டும். கையில் இருக்கும் இன்சூரன்ஸ் பேப்பர் சரியாக இருந்தும் தளத்தில் பழைய தேதியே காட்டுவது உண்டு. அதைக் கம்பெனிதான் ஏற்றிக்கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். காகிதத்தை முதலில் வைத்ததே இதற்காகத்தான்.

ஆர்.சி.யோடு இணைந்த மொபைல் எண் யாருடையது என்று பாருங்கள். இரண்டாம் கையாக வாங்கிய காரில் அது பழைய ஓனரின் எண்ணாகவே கிடக்கும், ஓ.டி.பி. அவருக்குப் போகும். புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்வது இங்கேதான்.

தமிழ்நாட்டு வண்டிக்குப் பசுமை வரி தனி. வாடகை வண்டிக்கு 7 வருஷம், சொந்த வண்டிக்கு 15 வருஷம் தாண்டியதும் அது வரும். ரோடு வரி கட்டியாயிற்றே என்று இதை மறந்துவிடுகிறார்கள்.

கட்டணத்தை வாய்மொழியில் நம்ப வேண்டாம். வண்டியின் வயதைப் பொறுத்து அது மாறும், சமீப வருஷங்களில் ஏறிக்கொண்டும் இருக்கிறது. விண்ணப்பத்தில் தளம் காட்டும் தொகைதான் தொகை. ப்ரோக்கர் மூலம் போனாலும் இந்தப் பகுதியை நீங்களே ஒருமுறை பாருங்கள். ப்ரோக்கர் பார்ப்பது ஃபைலை. உங்கள் வீல் சிலிண்டரை அல்ல.

பணம் கட்டி ஸ்லாட் (சோதனைக்கான நாள், நேரம்) எடுப்பது இப்போது வேண்டாம். அது 8ஆம் படிக்குப் பிறகு.

3. அடிப்பக்கம்: கழுவு, காயவை, தட்டிப் பார்

வாட்டர் சர்வீஸில் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தை மட்டும் நன்றாக அடித்துக் கழுவச் சொல்லுங்கள். வீல் ஆர்ச் உள்மடிப்பில் சேறும் மணலும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். ஓட்டையை மறைப்பதும் அதுதான், ஈரத்தைப் பிடித்து வைத்து ஓட்டையாக்குவதும் அதுதான். தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வண்டிக்கு இந்தக் கழுவல் மாதம் ஒருமுறை தேவை.

ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வைத்தபின் அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை உள்ளே விடக் கூடாது. துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே நசுங்கும்.

டார்ச்சும் தட்டை முனை ஸ்க்ரூடிரைவரும் போதும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் 'டங்' என்று ஒலிக்கும், இற்றது 'பொத்' என்று அமுங்கும். பொத்தென்ற இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் அது வெல்டிங் இடம். சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: டிரைவர் கால் வைக்கும் புளோர் (மேட்டை, கார்ப்பெட்டைத் தூக்கி மேலிருந்தும் பாருங்கள்), கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டி, நான்கு ஜாக்கி பாயிண்ட், ஸ்டெப்னி குழி, ரேடியேட்டர் தாங்கும் குறுக்குச் சட்டம், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் கிண்ணம், பின் ஆக்சில் பாடியோடு சேரும் இடம். கடைசி இரண்டும் இற்றிருந்தால் எஃப்.சி. கவலை அப்புறம், அந்த வண்டியை ஓட்டுவதே ஆபத்து.

2024 நவம்பர் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டியா? அப்படியானால் படிப்பெட்டியின் உட்புறம், சீட் பெல்ட் சுருளும் பெட்டி, புளோர் வழியாகப் போகும் வயரிங் கனெக்டர்கள் மூன்றையும் தனியாகத் திறந்து பாருங்கள். வெளியே காய்ந்துவிட்டாலும் உள்ளே படிந்த சேறு அப்படியே இருக்கும்.

4. வெல்டிங், பிரைமர், அண்டர்கோட்

இற்ற தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டு வைப்பதுதான் முறை. பழைய துருவின் மேலேயே தகரத்தைப் போர்த்தி ஓரம் மட்டும் வெல்டிங் வைத்தால் நடுவில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். புளோருக்கு 20 கேஜ் எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஷீட் போதும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஷீட்டை நேரடியாக வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை வரும், வெல்டரின் நெஞ்சுக்கு ஆகாது. ஒட்டும் சுத்தமாகப் பிடிக்காது.

ஃபைபர், பட்டி வைத்து மூடிக் கருப்பு ரப்பர் கோட் அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் வெளிவந்துவிடும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இ.சி.எம். (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) உள்ள வண்டியில் அதன் கப்ளரையும் உருவுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கரண்ட் பேரிங், சென்சார் வழியாகச் சுற்றி வரும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப் அருகே வெல்டிங் என்றால் டேங்கைக் கழற்றாமல் ஆரம்பிக்க விடாதீர்கள். கார்ப்பெட்டைத் தூக்காமல் புளோரில் வெல்டிங் வைத்து உள்ளே தீப்பிடிப்பதும் நடக்கக் கூடியதே.

வெல்டிங் முடிந்த அன்றே பிரைமர் அடியுங்கள். கடலூர்க் காற்றில் வெறும் தகரம் ஒரே இரவில் செம்மண் நிறமாகிவிடும். பிரைமர் காய்ந்ததும் மூட்டுகளில் சீலன்ட், அதன் மேல் ரப்பர் அண்டர்கோட். சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ், சேசிஸ் நம்பர் இவை நான்கின் மேலும் கோட் படக் கூடாது.

சேசிஸ் நம்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எங்கே பொறித்திருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் சீட்டுக்கு அடியில், சிலவற்றில் பானெட்டுக்குள் பின்சுவரில். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் விழுந்தால் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள். உப்புத்தாள், கிரைண்டர் அந்த இடத்துக்கே போகக் கூடாது. எழுத்து அரித்துப் போயிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபிஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் மறுபடி பொறிக்க வேண்டும். பட்டறையில் நீங்களாகப் பஞ்ச் அடித்தால் அது திருட்டு வண்டிக் கேஸ் மாதிரி ஆகிவிடும்.

5. பிரேக்

அதிகம் ரிஜெக்ட் ஆகும் இடம், அதிகம் அவசரப்படும் இடமும் இதுவே. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரணக் காரை வைத்துச் சொல்கிறோம்.

முதலில் பைப். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்பக்கம் வரை இரும்பு பைப் அடியில் ஓடும். கிளிப் பிடிக்கும் இடங்களில்தான் உப்பு தங்கித் துரு ஏறும். கிளிப்பை விலக்கி வயர் பிரஷ் போடுங்கள். மேலோட்டமான துரு என்றால் பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் அந்த பைப்பை முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். நடுவில் வெட்டித் துண்டு பைப் சேர்ப்பது வேண்டாம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள்.

அடுத்து முன்சக்கரம். பேடில் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் மாற்றிவிடுவது மேல். உள்பக்க பேட் அதிகம் தேய்ந்து வெளிப்பக்கம் தடிமனாக இருந்தால் காலிப்பர் பின் இறுகிவிட்டது என்று அர்த்தம். பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடும் அப்படியே போகும். பின்னை உருவி, சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கொடுத்துச் சீவுவது வீண்.

பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் லீக். ஆயில் குடித்த ஷூவை பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வழக்கமாகவே இருக்கிறது. உள்ளே ஊறிய ஆயில் சூடானதும் வெளியே கசியும், அந்தச் சக்கரம் மட்டும் பிடிக்காமல் போகும். ஷூ மாற்றத்தான் வேண்டும்.

இடது, வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இயந்திரச் சோதனை நிலையத்தில் உருளை மேல் நிறுத்தி ஒரே ஆக்சிலின் இரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கின்றன என்று ஒப்பிடுவார்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வித்தியாசம் எண்ணில் தெரியும்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. எது என்று மூடியிலேயே எழுதியிருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. கடலோரத்தில் 2 வருஷத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். முழுசாக மாற்ற அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வேண்டும். முன்பே திறந்து வைத்த டப்பாவை ஊற்றாதீர்கள். பைப்பில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது பெரும்பாலான பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். குறுக்குச் சுற்று உள்ள வண்டிகளில் வரிசை மாறும், அதற்கு மேனுவலைப் பாருங்கள்.

முடித்ததும் இரண்டு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்து முறை மிதியுங்கள், கெட்டியாகும். அதை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் கோளாறு பூஸ்டரில் அல்லது அதன் வேக்யூம் ஹோஸில். பிறகு 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் லீக்கும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்ற வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில் தொடுங்கள். முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்து, அதற்குப் பிறகே கேபிளை இறுக்க வேண்டும். கேபிளை முதலில் இறுக்கினால் லிவர் சரியாக நிற்பதுபோல் இருக்கும், ஆனால் ஷூ தூரத்திலேயே நிற்கும். பெடல் ஆழமாகப் போகும். லிவர் ஐந்து முதல் ஏழு 'கடக்'கில் பிடித்தால் சரி. கேபிள் உறைக்குள் உப்பு போய் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுப் பார்ப்பதெல்லாம் இரண்டு நாள் வைத்தியம், புதுக் கேபிள் போடுங்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக்கைச் சோதிக்க முடியாது. புதுச்சேரியில் மேம்பாலச் சரிவு, கடலூரில் கேப்பர் மலை ஏற்றம் உதவும்.

6. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்

முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லையென்றால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டு, ஸ்டீயரிங் ராக் இரண்டின் ஆட்டமும் தெரியும். இந்த ஒரு நிமிஷச் சோதனை தெரியாமல் பேரிங்கை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லை என்று பால் ஜாயிண்டையும் மாற்றுகிறவர்கள் அதிகம்.

ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்த தடம், கிழிந்த ஆக்சில் பூட், பிளந்த லோயர் ஆர்ம் புஷ், பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு ஆகியவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பூட் கிழிந்ததும் மாற்றினால் பூட், கிரீஸ் செலவோடு போகும். மணல் உள்ளே போனபின் ஆக்சில் ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

7. டயர், பிறகு அலைன்மென்ட்

கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டை (பள்ளத்தின் ஆழம்) வேண்டும். டயரின் பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். பட்டை அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. பட்டை இருந்தும் பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் அதுவும் முடிந்ததுதான்.

நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. ஒரே ஆக்சிலில் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் கேட்பார்கள்; கூடவே ஜாக்கி, வீல் ஸ்பேனர்.

எஃப்.சி. நாளுக்கு மட்டும் இரவல் டயர் மாட்டிக்கொண்டு போவது ஊரறிந்த விஷயம். அன்றைக்குத் தப்பலாம். திரும்பி வந்து மாட்டும் மொட்டை டயரோடு மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரேக் அடிக்கப் போவது நீங்கள்தான்.

6ஆம் படியும் டயரும் முடியாமல் அலைன்மென்ட் செய்யாதீர்கள். டை ராட் எண்டு மாற்றினாலே கோணம் மாறிவிடும், முன்பு செய்தது வீண்.

8. புகை

சைலன்சர் ஓட்டையை முதலில் அடையுங்கள். ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போய் ரீடிங் தப்பாக வரும். பேஸ்ட் பூசினால் ஒரு வாரம் தாங்கும். இற்ற பெட்டியை மாற்றுவதுதான் வேலை.

பெட்ரோல் காரில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) பார்க்கும் வரம்பு (பி.எஸ். என்பது வண்டி எந்தப் புகை விதிப்படி செய்தது என்று காட்டும் பாரத் ஸ்டேஜ் எண்): பி.எஸ்.2, பி.எஸ்.3 வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.; பி.எஸ்.4க்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். டீசலுக்குப் புகையின் அடர்த்தி: பி.எஸ்.4க்கு முந்தையது 65 ஹார்ட்ரிட்ஜ், பி.எஸ்.4 என்றால் 50. சான்று பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிக்கு ஒரு வருஷம் செல்லும், பழையவற்றுக்கு ஆறு மாதம்.

பெட்ரோலில் ஹைட்ரோகார்பன் ஏறினால் பிளக், ஹைடென்ஷன் வயர், பழைய இன்ஜின் ஆயில் இவற்றைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறினால் ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார். டீசலில் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர். வால்வு, இன்ஜெக்டர் என்ற வரிசையில் போங்கள், மலிவானது முதலில். டீசல் சோதனையில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து இன்ஜினை உச்ச வேகத்துக்கு ஏற்றுவார்கள். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் தாண்டிய வண்டியை அப்படி மிதித்தால் பெல்ட் அறுந்து வால்வுகள் வளையலாம். பெல்ட்டை மாற்றிவிட்டுப் போங்கள்.

காலையில் வீட்டிலிருந்து எடுத்த கையோடு பக்கத்துத் தெரு சென்டருக்குப் போவது பெரும் தவறு. கேட்டலிடிக் கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். கடலூரில் எடுத்தால் கன்னியக்கோயில் வரை ஒரு ஓட்டம் ஓட்டித் திரும்பி வந்து, அணைக்காமல் நேரே சோதனைக்கு விடுங்கள். புதுச்சேரிக்காரர்கள் தவளக்குப்பம் பக்கம் போய் வரலாம்.

சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் 3 வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்த தகடு வேண்டும், ஆர்.சி.யில் அந்த எரிபொருள் ஏறியிருக்கவும் வேண்டும்.

புகைச் சான்று தளத்தில் ஏறியதும் பணம் கட்டி ஸ்லாட் எடுங்கள்.

9. லைட், வயரிங்

ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வெளியே சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பார்க்கிங், லோ, ஹை, நான்கு இண்டிகேட்டர், ஹசார்ட், பிரேக் லைட், ரிவர்ஸ், நம்பர் பிளேட் லைட், ஹார்ன். நம்பர் பிளேட் லைட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்குகிறதா? பல்பை மாற்றாதீர்கள். டெய்ல் லேம்ப்பின் எர்த் வயர் பாடியில் சேரும் ஸ்க்ரூவில் துரு ஏறியிருக்கும். கழற்றி, தகரம் வெள்ளையாகும்வரை தேய்த்து, முடுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கடலோர வண்டிகளில் லைட் கோளாறு என்றால் முதலில் எர்த்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும். படபடவென்று அடித்தால் ஒரு பல்ப் போயிருக்கும், அல்லது எல்.இ.டி. மாட்டிவிட்டு ஃபிளாஷரை மாற்றாமல் விட்டிருப்பீர்கள்.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் 1000, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து காம்பவுண்ட் போடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சு கருத்திருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, லேம்ப்பையே மாற்ற வேண்டும். ஹாலஜனுக்குச் செய்த லேம்ப்புக்குள் எல்.இ.டி., எச்.ஐ.டி. பல்ப் போட்டிருந்தால் கழற்றிவிட்டு 60/55 வாட் ஹாலஜனையே போடுங்கள். அந்த லேம்ப்பின் உள்வளைவு வேறு பல்புக்குச் செய்தது அல்ல. வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

வெளிச்சத்தின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே பார்க்கலாம். டயர் காற்று சரியாக, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்துக்கொண்டு லோ பீமைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு அந்தக் குறிக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சஸ்பென்ஷன் வேலைக்கு முன் இதைச் செய்தால் மறுபடி மாறிவிடும்.

10. உட்புறம், கண்ணாடி, மஞ்சள் போர்டின் கூடுதல் சாமான்

சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும், விட்டால் சுருள வேண்டும். பின்சீட் பெல்ட் குஷனுக்கு அடியில் மாட்டிக்கிடக்கும், வெளியே எடுத்து வையுங்கள். வைப்பர் ரப்பரை மாற்றிவிட்டு வாஷரில் தண்ணீர் ஊற்றுங்கள்.

முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். கருப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். முன்னால் மாட்டிய கிராஷ் கார்டும் கழற்ற வேண்டியதே. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. பல ராகத்தில் பாடும் ஏர் ஹார்ன் இருந்தால் அதுவும்.

மஞ்சள் போர்டுக்கு முதலுதவிப் பெட்டி (மருந்து காலாவதி ஆகாதது), முள் பச்சையில் நிற்கும் தீயணைப்பான் இரண்டும் வையுங்கள். ஸ்பீட் கவர்னர் பொருத்திய வண்டி என்றால் சீல் உடையாமல் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவி இருந்தால் ரீசார்ஜ் முடிந்து செத்துக் கிடக்கிறதா என்று முன்பே பாருங்கள். சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். கூடுதலாகப் போட்ட மடக்குச் சீட்டைக் கழற்றுங்கள்.

11. இப்போது பெயிண்ட்

ஆர்.சி.யில் என்ன நிறமோ அதே நிறம். வேறு நிறம் ஆசைப்பட்டால் ஆர்.சி.யில் ஏற்றாமல் அடிக்கக் கூடாது. பட்டி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் தகரத்தை இன்னும் தட்டி எடுக்கவில்லை என்று பொருள். முழு வண்டிக்கும் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. துருவும் கூர்மையான கிழிசலும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் போதும். மங்கிய பெயிண்டுக்காக மட்டும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் மேல் பெயிண்டோ பாலிஷோ படாமல் பாருங்கள்.

12. முந்தின நாளும் அன்றைக்கும்

முந்தின நாள் டிக்கியைக் காலி செய்து, டயர் காற்று அடித்து, சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தின் கார்ப்பெட்டைத் தளர்த்தி வையுங்கள். அங்கே போய் சீட்டைக் கழற்ற ஸ்பேனர் தேடினால் வரிசையில் பின்னுக்குப் போவீர்கள். அன்று காலை வண்டியைக் கழுவ வேண்டாம். பிரேக்கில் தண்ணீர், லைட்டுக்குள் ஆவி என்று வம்பு.

கையில் பழைய எஃப்.சி., ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பெர்மிட், வரி, கட்டண ரசீது, அசலும் நகலும். டேஷ்போர்டில் இரண்டு ஹெட்லைட் பல்ப், இரண்டு டெய்ல் பல்ப், சில ஃபியூஸ், ஒரு 10 எண் ஸ்பேனர். வரிசையில் நிற்கும்போதே பல்ப் போவது வெறும் கதை அல்ல, குண்டுங்குழியுமான ரோட்டில் வந்தால் இழை அறுந்துவிடும்.

எஃப்.சி. ஏற்கெனவே முடிந்துபோன மஞ்சள் போர்டு வண்டியில் சவாரி ஏற்றாதீர்கள். முள்ளோடை எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலப் பட்டறைக்கு ஓட்டிப் போவதும் வேண்டாம். வழியில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் கிளெய்ம் அங்கேயே சிக்கும்.

13. திருப்பி அனுப்பினால்

என்னென்ன குறை என்பதை எழுத்தில் வாங்குங்கள். "பிரேக் சரியில்லை" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் அவர் நான்கு சக்கரத்தையும் பிரிப்பார். பின் இடது பிடிக்கவில்லையா, ஹேண்ட் பிரேக்கா என்று தெரிந்தால் அரை நாள் வேலை. அந்தக் குறையை மட்டும் சரிசெய்து, அதே சோதனையை நீங்களே செய்து பார்த்துவிட்டு மறுபடி போங்கள்.

சான்று வந்ததும் ஆபிஸ் வாசலிலேயே நின்று வண்டி எண், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், முடியும் தேதி நான்கையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே சொன்னால் அன்றே திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த வருஷம் போய்ச் சொன்னால் அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுத வைப்பார்கள்.